மடிப்பும் வெட்டும்: ஒரு கில்ற்றின் வரலாறு

எமது கல்லூரியில் படித்தவர்களுக்கு மடிப்பு என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. வெள்ளைச் சீருடையின் பொக்ஸ் பிளீற் ஒவ்வொன்றையும் நூலோட்டிப் பிடித்து, தோய்த்து, கஞ்சி போட்டு, அழுத்தி, பிறகு நூலை இழுத்தெடுத்துவிட்டு உடுத்தவர்கள் நாம். பஸ்ஸில் இருக்க இடம் கிடைத்தாலும் பிளீற் கசங்கிவிடும் என்று நின்றே வந்த அக்காமாரையும் கண்டிருக்கிறோம். நூற்றாண்டு மலரில், கல்லூரி வரலாற்றோடு நேரடித் தொடர்பில்லாத ஓர் உடையைப் பற்றி எழுதத் துணிவதற்கு அந்த மடிப்பே எமக்குச் சாட்டு.

இது ஸ்கொட்லாந்தில் ஆண்கள் அணியும் கில்ற் பற்றியது. எடின்பரோ, கிளாஸ்கோ, அபர்டீன் ஆகிய நகரங்களில் எமது பழைய மாணவிகள் சிலர் வாழ்கின்றனர். மருத்துவ மேற்படிப்புக்கென்று வந்து தங்கியவர்களும் உண்டு. யுத்தத்தால் வந்தவர்களும் உண்டு. பிள்ளைகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். அங்குள்ள பாடசாலைகளில் இறுதி வகுப்பு முடியும்போது நடக்கும் விருந்துக்கு ஆண்பிள்ளைகள் பலர் கில்ற் உடுத்திச் செல்வர். அப்போது எமது வீடுகளில் ஒரே கேள்விதான் எழும். எங்கட பிள்ளை இதை உடுக்கலாமோ? அது அவையின்ர பரம்பரை உடுப்பெல்லோ? வாடகைக்கு ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டுக் கேள்வியை ஒத்திவைப்பவர்களே அதிகம். ஒரே கல்லூரியில் வெவ்வேறு வகுப்புகளில் படித்த நாம் மூவர், சென்ற மாரி காலத்தில், எம்முள் ஒருவரின் மகனுக்காக ஒரு கில்ற்றைக் கையால் தைத்தோம். அதற்கு ஏற்றபடி அவனுடைய தகப்பனின் பழைய கோட் ஒன்றையும் வெட்டித் திருத்தினோம். தைத்துக்கொண்டே வரலாற்றையும் வாசித்தோம். வாசித்ததும் தைத்ததும் ஒன்றையே சொல்லின. காலாதிகாலமாக மாறாமல் வந்த உடை என்று நாம் எண்ணியிருந்தது, உண்மையில் ஒவ்வொரு காலத்திலும் எவரோ ஒருவர் கத்தரிக்கோலை எடுத்து வெட்டித் திருத்திய உடை.

முதலில் அது தைத்த உடையே அல்ல. 16ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கிடைக்கும் குறிப்புகளின்படி, ஸ்கொட்லாந்தின் வடமேற்கு மலைநாட்டார் உடுத்தது ஒரு நீண்ட கம்பளித் துணி. அக்காலத் தறிகள் ஒடுக்கமானவை. ஆகவே இரண்டு அகலங்களை நீளவாட்டில் மூட்டி ஏறக்குறைய 5 அடி அகலமாக்கிக்கொண்டனர். நீளம் 4 அல்லது 5 யார். இந்தத் துணியைக் கையால் மடித்து மடித்துச் சேர்த்து, இடுப்பில் ஒரு தோற்பட்டியால் இறுக்கிக் கட்டுவார்கள். பட்டிக்குக் கீழே விழுவது முழங்கால்வரை பாவாடை போல நிற்கும். மேலே எஞ்சிய பாதியைத் தோளில் போட்டு ஊசியால் குத்துவார்கள். மழையில் அதுவே தலையை மூடும், இரவில் அதுவே போர்வை. கேலிக் மொழியில் இதற்குப் பெரிய மடிப்புடை என்று பொருள்படும் பெயர் இருந்தது. வெள்ளைக்காரர் எழுதிய நூல்கள் பல, இதை எப்படி உடுத்தினர் என்பதைப் பக்கம் பக்கமாக வியந்து விளக்குகின்றன. சேலை உடுப்பவர்களுக்கு ஒரு வரி போதும்: கொய்யகத்தைப் பின்பக்கம் வைத்துக் கட்டிய கம்பளிச் சேலை.

சேலையைப் போலவே இதிலும் மடிப்பு நிலையானதல்ல. காலையில் பிடித்த மடிப்பு இரவில் அவிழ்ந்துவிடும். மறுநாள் புதிதாகப் பிடிக்க வேண்டும்.

இந்தத் துணி இரண்டாக வெட்டப்பட்ட கதை சர்ச்சைக்குரியது. 1768இல் எழுதப்பட்டு 1785இல் அச்சான ஒரு கடிதம், அதைத் தோமஸ் றோலின்சன் என்னும் ஆங்கிலேயரின் வேலையாகச் சொல்கிறது. இவர் லங்காஷயரைச் சேர்ந்தவர், குவேக்கர் சமயத்தவர், இரும்பு உருக்கும் தொழிலதிபர். 1720களின் பிற்பகுதியில் கிளென்காரி மலைப்பகுதியின் குலத்தலைவரான மக்டொனெல் என்பவருடன் ஒப்பந்தம் செய்து இன்வர்காரியில் உலை நடத்தினார். மரம் வெட்டவும் உலையில் வேலை செய்யவும் அந்தப் பெரிய போர்வை இடைஞ்சலாக இருந்ததால், மேல்பாதியை நீக்கிவிட்டு, கீழ்ப்பாதியை மட்டும் மடித்து உடுக்கும்படி செய்தார் என்றும், தாமும் குலத்தலைவரும் முதலில் உடுத்திக் காட்டினர் என்றும் கடிதம் கூறுகிறது. வரலாற்றாசிரியர் ஹியூ ட்ரெவர்-றோப்பர் 1983இல் வெளியான ஒரு கட்டுரையில் இக்கதையை எடுத்து, கில்ற் ஓர் ஆங்கிலேயக் கண்டுபிடிப்பு என்று எழுதியபோது ஸ்கொட்லாந்தில் பலருக்குக் கோபம் வந்தது. அதற்கு முன்பே மலைநாட்டார் கீழ்ப்பாதியைத் தனியாக உடுத்தினர் என்று வாதிடுவோரும் உண்டு. எமக்கு இந்தச் சண்டையில் பெரிய அக்கறை இல்லை. வேலைக்கு இடைஞ்சலான துணியை வெட்டிச் சிறிதாக்குவதற்கு ஒரு தொழிலதிபரின் மூளை தேவை என்று தையல் தெரிந்த எவரும் நம்பமாட்டார்கள். தைத்த மடிப்புகளுடன் இன்று எஞ்சியுள்ள மிகப் பழைய கில்ற்கள் 18ஆம் நூற்றாண்டின் இறுதிக் காலத்தவை என்பதே இதில் முக்கியமானது. அதாவது மடிப்பை ஊசி நிலைநிறுத்தி இருநூற்றுச் சொச்சம் ஆண்டுகளே ஆகின்றன.

அதற்கிடையில் அந்த உடைக்கு ஒரு பெரிய கண்டம் வந்து போயிற்று. 1746 ஏப்ரல் 16ஆம் திகதி கலோடன் போரில் ஸ்ருவர்ட் அரச குலத்துக்காகக் கிளர்ந்தவர்கள் தோற்றனர். அதே ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றம் இயற்றிய சட்டம், 1747 ஓகஸ்ட் முதலாம் திகதியிலிருந்து ஸ்கொட்லாந்தில் எந்த ஆணோ ஆண்பிள்ளையோ மலைநாட்டு உடையை அணியக்கூடாது என்றது. முதற் குற்றத்துக்குப் பிணையின்றி 6 மாதச் சிறை. இரண்டாவது முறை பிடிபட்டால் கடல்கடந்த தோட்டங்களுக்கு 7 ஆண்டு நாடுகடத்தல். சட்டத்தில் பெண்கள் குறிப்பிடப்படவில்லை. விலக்குப் பெற்ற இன்னொரு கூட்டமும் இருந்தது: அரசரின் படையில் சேவை செய்வோர். ஆக, தன் தகப்பன் உடுத்த உடையை உடுக்க விரும்பிய ஓர் இளைஞனுக்குச் சட்டப்படி திறந்திருந்த ஒரே வாசல், தன் ஊரை எரித்த அதே படையில் சேர்வதுதான். பலர் சேர்ந்தனர். அவர்களுக்குப் பச்சையும் நீலமும் கறுப்புமாகக் கட்டம் போட்ட துணி கொடுக்கப்பட்டது. பிளாக் வொட்ச் படைப்பிரிவின் பெயரால் இன்றும் அது அழைக்கப்படுகிறது.

தடை 1782இல் நீக்கப்பட்டது. 35 ஆண்டு என்பது ஒரு தலைமுறை. அந்தக் காலத்துக்குள் எவ்வளவு மறந்துபோகும் என்பதை எமது வாசகிகளுக்கு எவரும் சொல்லித்தரத் தேவையில்லை. தடை நீங்கியபோது சாதாரண மலைநாட்டார் பெரும்பாலும் காற்சட்டைக்குப் பழகியிருந்தனர். உடையை உயிரோடு வைத்திருந்தது இராணுவம். அதை அழகுபடுத்தியது பட்டணத்துக் கனவான்கள்.

1822 ஓகஸ்டில் நான்காம் ஜோர்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தார். ஏறக்குறைய 170 ஆண்டுகளாக முடிசூடிய மன்னர் ஒருவரும் ஸ்கொட்லாந்துப் பக்கம் வந்ததில்லை. வரவேற்பு ஏற்பாடுகளைக் கவனித்தவர் நாவலாசிரியர் சேர் வோல்டர் ஸ்கொட். எல்லாரும் டார்ட்டன் உடுத்தி வரவேண்டும் என்ற அவருடைய விருப்பத்தால், அதுவரை மலைநாட்டாரைக் கள்ளர் என்று இகழ்ந்த தாழ்நிலத்துப் பிரபுக்களும் கில்ற் தைக்க ஓடினர். மன்னருக்குத் தைத்த உடையும் ஆபரணங்களும் ஆயிரத்து முந்நூறு பவுணுக்கு மேல் சென்றன. டேவிட் வில்கி தீட்டிய ஓவியத்தில் அவரைக் கில்ற்றுடன் இன்றும் காணலாம். இந்தக் கோலாகலத்துக்குச் சில ஆண்டுகளுக்கு முன்புதான், 1814இலும் 1819இலும், சதர்லாந்தின் ஸ்ராத்நேவர் பள்ளத்தாக்கிலிருந்து குடியானவர்கள் செம்மறியாடுகளுக்கு இடம்விடும்படி விரட்டப்பட்டு வீடுகள் எரிக்கப்பட்டன. உடுப்பைக் கொண்டாடினார்கள், உடுத்தவர்களைக் கப்பல் ஏற்றினார்கள். கில்ற்றின் வரலாற்றில் எமது மனத்தை மிகவும் உறுத்திய இடம் இது.

குலத்துக்கு ஒரு கட்டக்கோலம் என்ற நம்பிக்கையும் இக்காலத்திலேயே வேரூன்றியது. பனொக்பேர்னில் இருந்த வில்சன் குடும்பத்து நெசவுசாலையின் 1819ஆம் ஆண்டு மாதிரிப் புத்தகத்தில் பல கோலங்களுக்குப் பெயரே இல்லை, இலக்கம் மட்டும் உண்டு. வாங்குபவர் கேட்கக் கேட்கப் பெயர்கள் சேர்ந்தன. 1842இல் சோபியெஸ்கி ஸ்ருவர்ட் என்று தம்மை அழைத்துக்கொண்ட சகோதரர் இருவர், பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றிலிருந்து எடுத்ததாகச் சொல்லிக் குல டார்ட்டன்களின் நூலொன்றை வெளியிட்டனர். அந்தப் பிரதி போலி என்பது பின்னர் அம்பலமாயிற்று. ஆனால் அவர்கள் தந்த கோலங்கள் பலவற்றை உரிய குலத்தார் இன்றும் பெருமையோடு உடுக்கின்றனர். இதைச் சொல்லி எவரையும் நையாண்டி செய்வது எமது நோக்கமன்று. போலி நூலில் பிறந்த கோலமென்றாலும், ஆறு தலைமுறை திருமணத்துக்கும் மரணத்துக்கும் உடுத்தால் அது அவர்களுடையதே. எமது கூறைச்சேலையின் கட்டத்துக்கும் கரைக்கும் எத்தனை வயது என்று எவரேனும் கேட்டால் நாம் என்ன மறுமொழி சொல்வோம்?

2008ஆம் ஆண்டுச் சட்டமொன்றின்படி ஸ்கொட்லாந்து அரசு டார்ட்டன் பதிவேடு ஒன்றைப் பேணுகிறது. குலம், ஊர், நிறுவனம், தனியாள் எவரும் புதிய கோலத்தைப் பதியலாம். ஊர்களுக்கான டார்ட்டன்கள் பழையனவும் உண்டு, புதியனவும் உண்டு. பிள்ளைக்கு எதைத் தெரிவது என்று நாம் பேசியபோது, எவருக்கும் பொதுவானது பிளாக் வொட்ச் என்று கடைக்காரர் சொன்னார். துணியும் நல்ல துணிதான். பிள்ளையின் தாய் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஆமிக்காரன்ர துணி எங்களுக்கு வேண்டாம் அக்கா" என்றார். அதற்கு மேல் அதைப் பற்றி எவரும் கதைக்கவில்லை. பிள்ளை பிறந்தது கிளாஸ்கோவில். கிளாஸ்கோவுக்கென்று ஊர் டார்ட்டன் ஒன்று இருக்கிறது. "எந்த ஊர்?" என்பதுதானே நாம் எவரையும் முதலில் கேட்கும் கேள்வி. அதையே எடுத்தோம்.

இனித் தையலுக்கு வருவோம்.

16 அவுன்ஸ் கம்பளித் துணி, இரட்டை அகலத்தில் 4 யார் வாங்கினோம். அதை நீளவாட்டில் நடுவே இரண்டாக வெட்டினால் ஒற்றை அகலத்தில் 8 யார். கில்ற்றின் கீழ் ஓரம் மடித்துத் தைக்கப்படுவதில்லை. நெசவுக் கரையே ஓரமாக நிற்கும். இரண்டு துண்டுகளிலும் கரை கீழே வரவேண்டுமானால் ஒன்றைத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். பெரும்பாலான டார்ட்டன்கள் இருபுறமும் ஒத்த கோலமுள்ளவை என்பதால், திருப்பினாலும் கட்டம் கட்டத்தோடு பொருந்தும். மூட்டு ஒரு மடிப்பின் உள்ளே மறைந்துவிடும்.

அளவுகள் மூன்றே. இடுப்பு, பின்புறத்தின் மிக அகன்ற இடம், நீளம். கில்ற்றின் இடுப்பு காற்சட்டையின் இடுப்பு அல்ல. தொப்புளுக்கு 2 அங்குலம் மேலே தொடங்கி, முழங்காற் சில்லின் மேல் ஓரத்தில் முடியும். எம்முள் மூத்த அக்காவுக்கு அளவுநாடாவைக் கையில் எடுத்தால் வகுப்பு ஆசிரியையின் குரல் வந்துவிடும். "தங்கச்சி, முதல் அளவை எழுதும், கதை பிறகு" என்று எம்மை அடக்கினார். பிள்ளைக்கு இடுப்பு 30, பின்புற அகலச் சுற்று 38. இதில் முன்பக்கம் தட்டையாக நிற்கும் முகப்புக்கு 18 அங்குலம் போனால், மடிப்புகள் மூட வேண்டிய பின்பக்கம் 20 அங்குலம்.

இங்கேதான் கணக்கு வருகிறது. கட்டக்கோலம் ஒருமுறை முழுதாக வந்து முடியும் நீளத்தைச் செற் என்பார்கள். எமது துணியில் அது 7 அங்குலம். ஒவ்வொரு மடிப்பும் ஒரு முழுச் செற்றை விழுங்கி, அதில் முக்கால் அங்குலத்துக்குச் சற்றுக் குறைவானதை மட்டும் வெளியே காட்டுகிறது. அடுத்த மடிப்பு, கோலத்தில் அதற்கு அடுத்த முக்கால் அங்குலத்தைக் காட்டும். இப்படி 27 மடிப்புகளை வரிசையாகப் பிடித்தால், 189 அங்குலத் துணி 20 அங்குலத்துக்குள் ஒடுங்கியபின்னும், பின்னாலிருந்து பார்ப்பவருக்கு மடியாத துணியைப் போலவே கட்டக்கோலம் தெரியும். இராணுவத்தார் வேறு முறையைக் கையாள்வர். ஒரே நிறக் கோடு ஒவ்வொரு மடிப்பின் நடுவிலும் வரும்படி பிடிப்பார்கள். நடக்கும்போது மடிப்பு விரிந்து நிறம் மாறி மாறித் தெரியும். முற்காலத்துக் கில்ற்கள் எமது சீருடையைப் போன்ற பொக்ஸ் பிளீற் கொண்டவை, துணியும் 4 யார் அளவே. ஒரே பக்கம் சாயும் கத்தி மடிப்பு 19ஆம் நூற்றாண்டில்தான் பரவியது. அதனோடு துணியும் இரட்டித்தது.

ஒவ்வொரு மடிப்பையும் அகன்ற இடத்திலிருந்து இடுப்புவரை, ஏறக்குறைய 4 அங்குல நீளத்துக்கு, விளிம்போரமாகக் கையால் தைக்க வேண்டும். மேலே போகப் போக மடிப்பு ஒடுங்கும். இடுப்பில் பின்பக்கத்துக்கு 16 அங்குலமே உண்டு. அதை 27ஆல் பிரித்தால் மடிப்பு ஒன்றுக்கு அரை அங்குலத்துக்குச் சற்றுக் கூட. ஒவ்வொரு மடிப்பிலும் நூலளவு பிசகினால் 27 மடிப்பில் அது ஒரு விரலளவு ஆகிவிடும். தையல் துணியின் எல்லா மடிகளையும் பிடிக்க வேண்டும், மேலே புள்ளிகூடத் தெரியக்கூடாது. எம்முள் சத்திரசிகிச்சை செய்யும் தோழி, தோலில் போடும் தையல் இதைவிட இலகு என்றார். தோல் தானாகவே ஒட்டிக்கொள்ளும், கம்பளி ஒட்டாது. தைத்து முடிந்தபின் உட்புறம் மேற்பகுதியில் குவிந்திருக்கும் துணியை வெட்டி நீக்கவேண்டும். நல்ல துணியை அப்படி வெட்ட மனம் வராதுதான். வெட்டாவிட்டாலோ இடுப்பில் தலையணை கட்டியது போலிருக்கும். வெட்டிய இடத்தைக் குறுக்குத் தையலால் பிணைத்து, கன்வஸ் துணி வைத்து, அதன்மேல் பருத்தி உட்துணி கொடுத்தோம். இறுதியில் ஈரத்துணி போட்டு மின்னழுத்தியால் அழுத்தினோம். மடிப்புகளை அடிவரை நூலோட்டிப் பிடித்தபின்னரே அழுத்த வேண்டும் என்பதை எமக்கு எவரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

கிழமைக்கு இரண்டு மாலை என்று இரண்டு மாதம் பிடித்தது. பெரிய கடைகளின் பெயர் பொறித்த கில்ற்களையும் வீட்டிலிருந்து கூலிக்குத் தைத்த பெண்கள் பலர் உண்டு. கில்ற்றின் வரலாற்றில் மன்னர், நாவலாசிரியர், படைத்தளபதி, போலிச் சகோதரர் எல்லாருக்கும் பெயர் இருக்கிறது. 27 மடிப்பையும் தைத்தவளின் பெயர் எந்தக் கில்ற்றிலும் இல்லை.

மருத்துவர் என்ற முறையில் ஒரு குறிப்பு. முதலாம் உலகப் போரில் மலைநாட்டுப் படைப்பிரிவுகள் கில்ற்றுடனேயே பதுங்குகுழிகளில் இருந்தன. மழையில் துணி நீரை உறிஞ்சிப் பாரமாகும். சேறு அப்பிய கீழ் ஓரம் குளிரில் விறைத்து முழங்காலின் பின்புறத்தை அறுக்கும். எல்லாவற்றிலும் மோசமானது சீலைப்பேன். ஒரு மடிப்புக்குள் ஏழு அங்குலத் துணி மறைந்திருக்கும் உடையைவிட அதற்கு வேறென்ன சொர்க்கம் வேண்டும்? வீரர்கள் மெழுகுதிரிச் சுடரை மடிப்பு நெடுகக் கொண்டுபோய் அவற்றைப் பொசுக்கினர். அகழிக் காய்ச்சலைப் பரப்புவது இந்தப் பேன் என்பது 1918இல் உறுதியாயிற்று. நச்சு வாயுவின் கொப்புளங்களுக்கும் வெறுங்கால் வசதியாயிற்று. இரண்டாம் உலகப் போரில், 1940இல் பிரான்சில் கமரன் ஹைலன்டர்ஸ் படைப்பிரிவோடு, கில்ற் போர்க்களத்திலிருந்து விடைபெற்றது.

இனிக் கோட். அது எடின்பரோவில் மருத்துவக் கல்லூரிப் பரீட்சைக்கு வந்த ஆண்டு, குளிர் தாங்காமல் பிள்ளையின் தகப்பன் வாங்கிய பழுப்பு டுவீட் கோட். அவருக்கு இப்போது வயிறு இடம்கொடாது. மகனுக்குத் தோள் சரியாக நின்றது. தோள் சரியென்றால் மற்றதெல்லாம் திருத்தலாம். தோள் பிழையென்றால் கோட்டைத் தொடவே கூடாது. இது கில்ற்றுக்கு மட்டுமான விதியல்ல.

சாதாரண கோட் இருப்பிடத்தை மூடும் நீளமுள்ளது. கில்ற்றோடு போட்டால் மடிப்புகள் அதை வெளியே தள்ளி, குடை விரித்தது போலாகும். முன்னால் தொங்கும் ஸ்பொரன் என்ற தோற்பையும் கோட்டின் கீழ் மறைந்துவிடும். பெரிய துணியை உடுத்த காலத்திலேயே மலைநாட்டார் மேலே குட்டையான சட்டையே அணிந்தனர். பழைய ஓவியங்களில் அதைக் காணலாம். கில்ற்றுக்கென்றே தைத்த கோட்கள் இன்று விற்பனைக்குண்டு என்றாலும், உள்ள கோட்டை வெட்டிக்கொள்ளும் வழக்கமும் இருக்கிறது. பிரித்தானியாவில் 1941 ஜூனிலிருந்து 1949 மார்ச்வரை உடுதுணிக்குப் பங்கீடு இருந்தது. அந்த ஆண்டுகளில் புதுக் கோட் என்பது பலருக்குப் பழைய கோட்டே.

பிள்ளைக்குக் கில்ற்றை உடுத்தி, அதன்மேல் கோட்டைப் போட்டு நிற்கவைத்துத்தான் தையற் சோக்கால் கோடு போட வேண்டும். மேசையில் வைத்துப் போட்ட கோடு உடம்பில் சரிவராது. பின்பக்கம் 5 அங்குலம் குறைத்தோம். உள்ளே மடிக்க ஒன்றரை அங்குலம் விட்டு வெட்டினோம். முதலில் உட்துணியை கீழ்நெடுக அவிழ்த்து மேலே குத்தி வைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கத்தரி அதையும் சேர்த்துக் கடிக்கும். பின் நடு வெட்டைத் தைத்து மூடினோம். முன்பக்கத்தில் கீழ்ப் பொத்தானைக் கழற்றிவிட்டு, மேற்பொத்தானுக்குக் கீழிருந்து பக்கத் தையலை நோக்கி வளைவாக வெட்டினோம். ஸ்பொரன் தெரிவது இந்த வளைவால்தான். வளைவு சட்டைப்பையின் வாயைத் தொடாமல் போகவேண்டும். எமக்கு ஓர் அங்குலம் இடைவெளி கிடைத்தது. பைகளின் உள்துணியைக் குட்டையாக்கித் தைத்தோம். பிறகு முன்துணியையும் உட்புறத்து முகப்புத் துணியையும் நல்ல பக்கங்கள் ஒன்றையொன்று பார்க்க வைத்துத் தைத்து, கன்வஸை ஓரத்தில் கத்தரித்து, வளைவு நெடுகச் சிறு வெட்டுகள் கொடுத்துத் திருப்பினோம். கல்லூரியில் வட்டக் கழுத்துச் சட்டைக்குச் செய்தது இதே வேலைதான், டுவீட் மட்டும் தடிப்பு.

வெட்டிய 5 அங்குலத் துண்டு வீணாகவில்லை. அதிலிருந்து இரண்டு தோள்பட்டிகளும், பைகளுக்கு அலைவடிவ மூடிகளும் எடுத்தோம். ஒரே கோட்டின் துணி என்பதால் வெளிறல்கூட ஒத்துப்போயிற்று. பிளாஸ்டிக் பொத்தான்களை நீக்கிக் கொம்புப் பொத்தான்கள் வைத்தோம். தகப்பனுக்குச் சிறிது வருத்தந்தான். கோட்டை வெட்டும் நாளில் வேலைக்குப் போய்விட்டார். முடிந்தபின் மகன் போட்டுக் காட்டியபோது, பரீட்சை நாளில் தான் வாய்மொழிக் கேள்விகளுக்கு அந்த உள்பையில் கையை வைத்துக்கொண்டு நின்றதை நெடுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆண்களின் கில்ற்றில் மேல் முகப்பு வலப்பக்கம் பூட்டப்படும். அந்தப் பக்கிள்களை ஓரிரு அங்குலம் நகர்த்தத் தக்கதாக இடம் விட்டிருக்கிறோம். பிள்ளைக்குப் பதினேழு வயது, இனியும் வளருவான். கீழே நெசவுக் கரை என்பதால் நீளத்தைக் கூட்ட வழியில்லை. ஆகவே நீளத்தை ஆரம்பத்திலேயே முழங்காற் சில்லின் நடுவரை வைத்தோம். இவ்வாண்டு அது சரியான இடத்துக்கு வந்துவிட்டது. கோடையில் தேவதாருப் பலகை வைத்த பெட்டியில் மடித்து வைக்கிறார்கள், பூச்சி பயத்தால்.

அளவுக் கணக்கும் கோட்டின் முன்வளைவுக்கான கடதாசி மாதிரியும் எம்மிடம் உண்டு. பிற நாட்டுப் பழைய மாணவிகள் எவருக்கேனும் தேவையென்றால் சங்கத்தின் ஊடாகக் கேட்கலாம். கேட்பவர்கள் பிள்ளையின் காற்சட்டை இலக்கத்தை அனுப்ப வேண்டாம். தொப்புளுக்கு 2 அங்குலம் மேலே நாடாவைச் சுற்றி, பிள்ளை வயிற்றை உள்ளிழுக்காத நேரம் பார்த்து அளந்து அனுப்பவும்.